கையை விரித்து நீட்டினாள்: சிறப்புக் குழந்தையின் ஆண்டு இலக்கை எப்படி எழுதுவது?

தேன்மொழி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. 11 வயது, டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறுமி, ஐந்தாம் வகுப்பு. போன மார்ச்சில் அவளுடைய கோப்பில் ‘ரூபாய் நோட்டுகளையும் நாணயங்களையும் அடையாளம் காண்பாள்’ என்ற வரிக்கு எதிரே ‘ஆம்’ என்று குறித்தவள் நான்தான். மேசையில் பரப்பி வைத்து ஐந்து ரூபாய் எது, பத்து ரூபாய் எது என்று கேட்டேன். ஒன்றுகூடத் தப்பாமல் எடுத்துக் கொடுத்தாள்.

ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அவளோடும் அவள் அம்மாவோடும் தெருமுனைக் கடைக்குப் போனேன். பால் பாக்கெட் 20 ரூபாய். தேன்மொழி சிறு பையிலிருந்த சில்லறை முழுவதையும் உள்ளங்கையில் கொட்டி, கையை அகல விரித்துக் கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவள் கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டார். “எப்போதும் இப்படித்தான் டீச்சர். அண்ணாச்சி நல்லவர், சரியாக எடுத்துக்கொள்வார்” என்றார் அம்மா.

அண்ணாச்சி நல்லவர்தான். நான் குறித்த ‘ஆம்’ என்பதும் பொய்யில்லை. ஆனாலும் ஒரு வருட உழைப்பு அந்தக் கடை வாசலில் எதற்கும் பயன்படவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதுதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிழை குழந்தையிடம் இல்லை, நான் எழுதிய இலக்கில் இருந்தது.

சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்க்கும் எங்களுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் வரும் பெரிய முடிவு இதுதான். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதவேண்டும். அதில் நான்கைந்து இலக்குகள் இருக்கும். அந்த வரிகளை மதிப்பீட்டுப் பட்டியலிலிருந்து எடுக்கலாம், பாடப்புத்தகத்திலிருந்து எடுக்கலாம், குழந்தையின் அன்றாடத்திலிருந்தும் எடுக்கலாம். எடுத்த பிறகு அது நிறைவேறியதா என்று அளப்பதற்கும் ஆம்–இல்லை, விழுக்காடு, உதவியின் அளவு, படிநிலை என்று பல முறைகள் உண்டு. எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். எது எங்கே கைகொடுத்தது, எது எங்கே காலை வாரியது என்று சொல்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும், பிள்ளையின் திட்டத்தில் கையெழுத்துப் போடும் பெற்றோருக்கும் உதவும்.

பட்டியலிலிருந்து எடுப்பது

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை செய்கிற பலருக்கும் பயிற்சிக் காலத்திலேயே அறிமுகமாகிற மதிப்பீட்டுக் கருவி ‘மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம்’. சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கியது. 18 துறைகள், துறைக்கு 20 செயல்கள், மொத்தம் 360. பெருந்தசை இயக்கம், உண்ணுதல், உடுத்துதல், கழிப்பறைப் பழக்கம், பேச்சைப் புரிந்துகொள்ளுதல், எண், நேரம், பணம், வீட்டு வேலை, பொழுதுபோக்கு என்று ஒரு மனிதரின் நாள் முழுக்க அதில் அடங்கிவிடுகிறது. குழந்தையால் எது முடியாது என்று அடுக்காமல், எதைச் செய்வான் என்று கேட்கிற பட்டியல் அது. நம் ஊரில், நம் பிள்ளைகளைப் பார்த்து எழுதிய கருவி என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

புதிய பயிற்றுநருக்கு இதைவிடப் பாதுகாப்பான தொடக்கம் கிடையாது. ஒரு துறையும் விட்டுப்போகாது. அம்மா சொல்ல மறந்ததையும் பட்டியல் கேட்டுவிடும். ஆனால் செயல்கள் எளிதிலிருந்து கடினத்துக்கு ஏறுவரிசையில் இருப்பதால், கை தானாகவே ஒரு தவறைச் செய்கிறது. எந்த எண்ணில் ‘இல்லை’ தொடங்குகிறதோ அந்த வரியை அப்படியே இந்த ஆண்டு இலக்காக எழுதிவிடுகிறோம். பட்டியல் இதுவரை எங்கே நிற்கிறான் என்று காட்டும் வரைபடம். அடுத்து எங்கே போகவேண்டும் என்பதை அது சொல்லாது.

ஒரு மையத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் மணி கோத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மீசை அரும்பிய பையன். நுண்தசைத் துறையில் அந்த வரி இன்னும் ‘இல்லை’ என்றிருந்ததாம், ஆறு வருடமாக. மணி கோத்தால்தான் அடுத்தது என்று யார் சொன்னார்கள்? அவன் சட்டைப் பொத்தானுக்கும், கொண்டைக்கடலை பொறுக்குவதற்கும், தன் கைப்பேசியில் விரலால் தள்ளிப் பாட்டு மாற்றுவதற்கும் அதே விரல்கள்தாம் வேண்டும். மணியை விட்டுவிட்டுப் பொத்தானுக்குப் போயிருந்தால் ஆறு வருடம் மிஞ்சியிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே பட்டியலை மதிப்பீட்டுக்கு முழுமையாகப் பயன்படுத்துகிறேன். இலக்கு வரியை அதிலிருந்து நகலெடுப்பதில்லை.

பாடப்புத்தகத்திலிருந்து எடுப்பது

பொதுப்பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு படிக்கிற குழந்தைக்கு வகுப்பாசிரியர் கேட்கும் முதல் கேள்வி நியாயமானது: “நான் நடத்துகிற பாடத்தில் இவனுக்கு என்ன?” 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் பிரித்திருப்பது எங்களுக்கு ஒரு வாசலைத் திறந்தது. ஒரே அறையில் பிள்ளைகள் வெவ்வேறு நிலையில் இருப்பது இயல்பு என்று அந்தப் பகுப்பே ஒப்புக்கொள்கிறது. நம் குழந்தையும் அந்த அறையிலேயே, அந்தப் பாடத்திலேயே ஓரிடம் பிடிக்க முடிகிறது.

பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு மட்டும் உள்ள குழந்தைகளுக்கு இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். அவர்களுக்குப் பாடம் குறையக் கூடாது. எல்லாருக்கும் உள்ள இலக்கே அவர்களுக்கும் உண்டு. கூடுதலாகக் கருவிக்கான இலக்கு வேண்டும். பார்வையற்ற குழந்தைக்குப் பாரதி பிரெய்லில் (இந்திய மொழிகளுக்கான, விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்து) வாசிப்பதும், தன் நோட்டைத் தானே தேடி எடுப்பதும் அப்படிப்பட்டவை. ‘பாடத்தைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வான்’ என்று எழுதி முடித்துவிட்டால், அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க இன்னொருவர் வாசித்துக் காட்டக் காத்திருக்கும்.

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் பாடத்தின் வழியே சரி. அறிவுசார் குறைபாடு கூடுதலாக உள்ள குழந்தைகளிடம்தான் இது சறுக்குகிறது. ‘இரண்டாம் வகுப்பு அளவிலான கூட்டல் கணக்குகளைச் செய்வாள்’ என்று தேன்மொழிக்கு எழுதினால் காகிதத்தில் அழகாக இருக்கும். 14 + 5 என்று கட்டம் போட்ட தாளில் செய்யவும் செய்வாள். கடையில் கையை விரித்துத்தான் நீட்டுவாள்.

அன்றாடத்திலிருந்து எடுப்பது

கடைக்குப் போய் வந்த பிறகு நான் மாற்றிக்கொண்ட வழி இது. அம்மாவிடம், இருந்தால் பாட்டியிடமும், காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை அவள் நாளைச் சொல்லச் சொல்கிறேன். நடுவில் இரண்டு கேள்விகள் மட்டும் கேட்கிறேன். எந்த நேரத்தில் நீங்கள் கை கொடுக்காவிட்டால் வேலை நின்றுபோகிறது? எந்த நேரத்தில் அவள் திட்டு வாங்குகிறாள்? இந்த இரண்டுக்கும் வருகிற பதில்களில்தான் இலக்குகள் இருக்கின்றன.

தேன்மொழிக்கு வந்த பதில்: பின்னல் போட உட்கார மாட்டாள், பள்ளிப் பையில் தண்ணீர் பாட்டிலை மூடாமல் வைத்து நோட்டெல்லாம் நனைந்துவிடும், கடைக்கு அனுப்ப ஆசை, ஆனால் தெரியாத கடைக்கு அனுப்பப் பயம். மூன்றும் எந்தப் பட்டியலிலும் இந்த உருவத்தில் இல்லை. மூன்றும் நிறைவேறினால் அந்த வீட்டில் காலை ஏழு மணி வேறு மாதிரி இருக்கும்.

இந்த வழிக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது நேரம். ஒரு குழந்தைக்கு இரண்டு மணி நேரமாவது உட்காரவேண்டும். வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போய்வருகிற ஒருவருக்கு அது எளிதில்லை. நான் எல்லா இலக்கையும் இப்படி எழுதுவதில்லை. ஐந்தில் மூன்றையாவது எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது, யாரும் பேசுவதில்லை. வீட்டின் அன்றாடத்திலிருந்து எடுத்தால் வீட்டின் எதிர்பார்ப்பும் சேர்ந்தே வந்துவிடும். என் பழைய கோப்புகளை ஒரு நாள் எடுத்து அடுக்கிப் பார்த்தபோது மனம் கனத்தது. பெண் குழந்தைகளின் திட்டங்களில் பெருக்குதல், பாத்திரம் துலக்குதல், துணி மடித்தல். ஆண் பிள்ளைகளின் திட்டங்களில் கடைக்குப் போதல், பஸ் ஏறுதல், சைக்கிள். நான் வேண்டுமென்று எழுதவில்லை. அம்மாக்கள் சொன்னதை எழுதினேன். அதனால் இப்போது குழந்தையையும் கேட்கிறேன். பேச்சு வராத குழந்தையிடம் படங்களைப் பரப்பி எதைத் தொடுகிறது என்று பார்க்கிறேன். தேன்மொழியைக் கேட்டபோது, “நான் மட்டும் கடைக்கு” என்று மூன்று சொல்லில் சொன்னாள். அம்மாவின் அச்சமும் மகளின் ஆசையும் ஒரே இடத்தில் இருந்தன. இலக்கு அங்கேதான் என்று முடிவு செய்தேன்.

எப்படி அளப்பது?

ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962-இல் பாட நோக்கங்களை எழுதுவது பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். எந்தச் சூழலில், என்ன செய்வார், எவ்வளவு நன்றாகச் செய்தால் போதும் என்ற மூன்றையும் ஒரே வரியில் கேட்டார். இன்று எங்கள் துறையில் புழங்கும் இலக்கு வரிகளின் எலும்புக்கூடு அதுதான். ‘அறிவாள்’, ‘புரிந்துகொள்வான்’, ‘உணர்வான்’ என்ற வினைகளை நாங்கள் தவிர்ப்பதும் அதனால்தான். அறிந்ததைக் கண்ணால் பார்க்க முடியாது. எடுத்துக் கொடுத்ததை, சுட்டிக்காட்டியதை, மூடி வைத்ததைப் பார்க்கலாம். என் சொந்தச் சோதனை எளியது. என்னைத் தெரியாத ஒருவர் கோப்பைப் படித்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தால், நான் போட்ட குறியையே அவரும் போடுவாரா? மாட்டார் என்றால் வரி இன்னும் எழுதப்படவில்லை.

‘எவ்வளவு நன்றாக’ என்ற இடத்தில்தான் எல்லாரும் தடுமாறுகிறோம். கை பழகியபடி ‘80 விழுக்காடு’ என்று எழுதிவிடுகிறோம். 10 சொற்களில் 8 சரியாகப் படித்தான் என்றால் அதற்குப் பொருள் உண்டு. ‘சமைத்து முடித்ததும் கேஸ் அடுப்பை 80 விழுக்காடு அணைப்பாள்’ என்றால்? ஐந்து நாளில் ஒரு நாள் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். பாதுகாப்பு சார்ந்த எதற்கும் விழுக்காடு கூடாது; தொடர்ந்து இத்தனை நாள், ஒரு தடவையும் தவறாமல் என்றுதான் இருக்கவேண்டும். ‘தலைக்குக் குளித்தபின் 80 விழுக்காடு துவட்டுவாள்’ என்று நான் ஒரு கோப்பில் படித்திருக்கிறேன். தலையில் எந்த 80?

வாசிப்புக்கு எண்ணிக்கை நன்றாகப் பொருந்துகிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோவும் உடன் பணியாற்றியவர்களும் எளிய முறை ஒன்றை வளர்த்தார்கள். குழந்தை இதுவரை பார்க்காத பத்தியை ஒரு நிமிடம் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிச் சரியாகப் படித்த சொற்களை எண்ணுவது. வாரம் ஒரு முறை, ஒரே ஒரு நிமிடம். தமிழில் அப்படியே செய்தால் சிக்கல் வரும். ‘மரம்’ ஒரு சொல். ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பதும் ஒரு சொல். நான் சொற்களை விட்டு எழுத்துகளை எண்ணத் தொடங்கினேன்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் ‘கோழி’யைக் ‘கேழி’ என்றே படிப்பான். கண்ணில் முதலில் படுகிற இரட்டைக்கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் நிற்கும் காலைத் தவறவிடுகிறான். அவனுடைய பழைய கோப்பில் இருந்த இலக்கு ‘247 தமிழ் எழுத்துகளையும் அறிவான்’. அட்டையைக் காட்டினால் க, கா, கி, கீ என்று ராகத்தோடு ஒப்பித்தான். வரிசை மாற்றிக் காட்டினால் நின்றுவிட்டான். வரிசையின் ராகத்தைத்தான் அவன் கற்றிருந்தான். புதிதாக இப்படி எழுதினேன்: ‘ஓ, ஒ வரிசை எழுத்துகள் கலந்த, முன்பு பார்க்காத இரண்டாம் வகுப்பு அளவுப் பத்தியை வாய்விட்டு வாசிக்கும்போது, ஒரு நிமிடத்தில் 60 எழுத்துகளைச் சரியாகப் படிப்பான், அடுத்தடுத்து மூன்று வாரம்.’ ஜூனில் அவன் 26 எழுத்தில் இருந்தான். அவனே வாரா வாரம் கோடு வரைந்தான். கோடு ஏறுவதைப் பார்க்க அவனுக்கு இருந்த ஆவலில் பாதி எனக்கு இருந்திருந்தால் எல்லாக் கோப்பையும் நேரத்துக்கு முடித்திருப்பேன்.

அன்றாடப் பழக்கங்களுக்கு எண்ணிக்கையைவிட உதவியின் அளவு நேர்மையான அளவுகோல். செகந்திராபாத்தில் இருந்த தேசிய மனவளர்ச்சிக் குன்றியோர் நிறுவனத்தில் ரீட்டா பெஷாவரியாவும் வெங்கடேசனும் 1992-இல் வெளியிட்ட ‘பேசிக் எம்.ஆர்.’ அளவுகோல் இதைத்தான் செய்கிறது. தானாகச் செய்தால் 5, சிறு குறிப்புக் காட்டினால் போதும் என்றால் 4, வாயால் சொன்னால் 3, கையைப் பிடித்துச் செய்யவைத்தால் 2, முழுக்க நாம் செய்துவிட்டால் 1. அந்தக் குழந்தைக்குப் பொருந்தாதென்றால் 0. ஆம்–இல்லை என்று இரண்டே பதில் உள்ள கருவியில் ஒரு வருடம் முழுக்க ‘இல்லை’ என்றே நிற்கிற குழந்தை, இதில் 2-லிருந்து 3-க்கு வந்திருக்கும்.

மூளை முடக்குவாதம் உள்ள எட்டு வயதுப் பையனின் அம்மா இந்த வித்தியாசத்தை என்னைவிட நன்றாகச் சொன்னார். கால்சட்டையைக் கழற்றி மாட்டும் இலக்கு அது. அரையாண்டில் எப்படியிருக்கிறான் என்று கேட்டேன். “முன்பெல்லாம் எனக்குக் கை வலிக்கும் டீச்சர். இப்போது வாய் மட்டும்தான் வலிக்கிறது.” கோப்பில் இன்னும் ‘இல்லை’. ஆனால் அந்த அம்மாவின் தோளும் இடுப்பும் வேறு கதை சொல்லின. அன்றிலிருந்து இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஆம்–இல்லை வைத்து இலக்கு எழுதுவதை விட்டுவிட்டேன்.

எச்சரிக்கை ஒன்று. வாயால் சொல்வது பழகிவிட்டால், சொன்னால்தான் செய்வான் என்று ஆகிவிடுகிறது. கையைப் பிடிப்பதை நிறுத்துவதைவிடச் சொல்வதை நிறுத்துவது கடினம். அந்தப் பையனுக்குக் கழிப்பறைச் சுவரில் நான்கு படங்கள் ஒட்டினோம். அம்மா சொல்லாமல் படத்தைத் தட்டினார். பிறகு தட்டுவதையும் விட்டார். எந்த உதவி எந்த மாதத்தில் எப்படிக் குறையும் என்று இலக்கோடு சேர்த்தே எழுதவேண்டும். இல்லாவிட்டால் 3-இலேயே நின்றுவிடும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: பொத்தான் வைத்த சீருடைக் கால்சட்டையிலா, எலாஸ்டிக் வைத்ததிலா என்பதையும் வரியில் எழுதுங்கள். பாதி வெற்றி துணியில் இருக்கிறது.

நடத்தை, தொடர்பு சார்ந்த இலக்குகளுக்கு நான் தேடிப்போவது ஐந்து படி அளவுகோல். தாமஸ் கிரெசுக், ராபர்ட் ஷெர்மன் இருவரும் 1968-இல் மனநலச் சேவைக்காக அமைத்தது. எதிர்பார்க்கும் நிலை 0. அதற்கு மேலே +1, +2. கீழே −1, −2. ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுக் குழந்தை. சத்துணவு மணி அடித்ததும் எழும் இரைச்சலில் தன் கையைக் கடித்துக்கொள்வான். ‘கையைக் கடிக்க மாட்டான்’ என்பது முதலில் எழுதப்பட்டிருந்த இலக்கு. கடிக்க மாட்டான், ஓட மாட்டான், கத்த மாட்டான் என்று எழுதினால் பொம்மைக்குத் திட்டம் எழுதுகிறோம் என்று பொருள். கடிப்பதன் மூலம் அவன் எதைச் சொல்கிறானோ, அதை வேறு வழியில் சொல்லக் கற்பதுதான் இலக்கு. காதைப் பொத்தியிருக்கும் படம் போட்ட ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டினோம். பயிற்றுநர் கையைப் பிடித்து நீட்டவைத்தால் −2. நினைவூட்டினால் நீட்டுவான் என்றால் −1. தானாக என்னிடம் நீட்டினால் 0. வகுப்பாசிரியரிடமும் நீட்டினால் +1. அட்டையை நீட்டிவிட்டுத் தானாக மர நிழலுக்குப் போனால் +2. வருடக் கடைசியில் அவன் எங்கே நின்றாலும் அதற்கு ஓர் இடம் இருந்தது. ‘தோல்வி’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு இடமில்லை.

இந்த அளவுகோலில் ஓட்டை ஒன்று உண்டு. 0 எது என்று தீர்மானிப்பது நாம்தான். அதைத் தாழ்த்தி வைத்துவிட்டால் எல்லாக் குழந்தையும் வெற்றி. அதனால் அளவுகோலை எழுதும்போது வகுப்பாசிரியரும் பெற்றோரும் உடன் இருக்கவேண்டும். எழுத நேரமும் பிடிக்கும். ஒரு குழந்தைக்கு ஓர் இலக்குக்கு மேல் நான் இதைப் பயன்படுத்துவதில்லை.

ஒரு வருடமா, மூன்று மாதமா?

தனிநபர் கல்வித் திட்டம் என்ற ஏற்பாட்டைச் சட்டமாக்கியது அமெரிக்கா, 1975-இல். அங்கே அளந்து பார்க்கக்கூடிய ஆண்டு இலக்குகள் கட்டாயம். அவற்றுக்குக் கீழே குறுகிய காலப் படிகளும் எல்லாருக்கும் கட்டாயமாக இருந்தன. 2004-இல் சட்டத்தைத் திருத்தியபோது, மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்வுக்குப் பதிலாக மாற்றுத் தேர்வு எழுதும் குழந்தைகளுக்கு மட்டும் அந்தப் படிகள் என்று குறைத்தார்கள். ஆசிரியர்களின் காகித வேலையைக் குறைக்கவேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. முடிவோடு உடன்படவில்லை.

ஏன் என்பதற்கு அதே நாட்டு வழக்கு ஒன்றே போதும். கொலராடோவில் ஆட்டிசம் உள்ள எண்ட்ரூ என்ற மாணவனின் திட்டத்தில் பெரும்பாலும் அதே இலக்குகள் ஆண்டுக்கு ஆண்டு திரும்பி வந்தன. பெற்றோர் அவனைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டு வழக்குப் போட்டார்கள். 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. ஏதோ கொஞ்சம் முன்னேறினால் போதும் என்ற அளவுகோல் செல்லாது; அந்தக் குழந்தையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் தரும்படி திட்டம் இருக்கவேண்டும், இலக்குகள் போதிய உயரத்தில் இருக்கவேண்டும் என்றது.

நம்மிடம் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை, தனிப்பட்ட ஆதரவு, ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்கும் கடமை எல்லாம் அதில் உண்டு. இலக்கை எப்படி எழுதுவது என்ற வேலையைச் சட்டம் நம் கையில் விட்டிருக்கிறது. ஆண்டை மட்டும் மாற்றி, பழைய வரிகளையே நகலெடுத்த கோப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு வருட இலக்கு ஒற்றை வரியாக இருந்தால் மார்ச் வரை அதை யாரும் திறப்பதில்லை. காலாண்டு, அரையாண்டு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தேர்வு வருகிறதல்லவா, அதே வாரங்களில் நம் குழந்தைக்கும் ஒரு படியை எழுதி வையுங்கள். காலாண்டிலேயே முடித்துவிட்டால் இலக்கை உயர்த்தலாம். அரையாண்டு வரை அசையவே இல்லையென்றால் கற்பிக்கும் முறையை மாற்றிப் பார்க்க இன்னும் மூன்று மாதம் இருக்கும். மார்ச்சில் தெரிந்து என்ன பயன்?

தேன்மொழிக்கு எழுதியது

இடம், அன்றாடத்திலிருந்து. அளவு, உதவியின் படியும் தொடர்ச்சியும் சேர்த்து. காலம், மூன்று படி. நான் எழுதிய வரி இது: ‘தெருமுனைக் கடையிலும் அவளுக்குப் பழக்கமில்லாத இன்னொரு கடையிலும், ஒரு பொருளின் விலையைக் கடைக்காரர் சொன்னதும், 50 ரூபாய்க்குள் அதற்குச் சரியான அல்லது சற்று அதிகமான பணத்தைத் தானே எடுத்து நீட்டுவாள், மிச்சத்தை வாங்காமல் நகர மாட்டாள், யார் நினைவூட்டலும் இன்றி, அடுத்தடுத்து ஐந்து தடவை.’ காலாண்டுப் படியாக, அம்மா பக்கத்தில் நின்று சைகை காட்டலாம். அரையாண்டில் அம்மா கடை வாசலுக்கு வெளியே நிற்பார். ஆண்டு முடிவில் வீட்டு வாசலில்.

மேசையில் பணத்தைப் பரப்புவதை நிறுத்தினோம். வாரம் இரண்டு நாள் கடைதான் வகுப்பு. அண்ணாச்சியிடம் நானே போய், அவள் கையை விரித்தால் எடுக்காமல் காத்திருக்கும்படி கேட்டுக்கொண்டேன். முதல் நாள் அவர் காத்திருந்தார். பின்னால் நின்ற ஆள் முணுமுணுக்கவும் பொறுக்க முடியாமல் எடுத்துவிட்டார். நான்காவது தடவை அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தேன்மொழி அவரைப் பார்த்தாள், தன் உள்ளங்கையைப் பார்த்தாள், இரண்டு பத்து ரூபாய் நாணயங்களைத் தனியே பிரித்து வைத்தாள். மற்றதை மடக்கிப் பைக்குள் போட்டாள். எத்தனையோ வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது.

நவம்பரில் இரண்டாவது கடை. புதுக் கடைக்காரர், வழக்கமான 20 ரூபாய்ப் பால் பாக்கெட். அவள் அதேபோல இரண்டு நாணயங்களை நீட்டினாள். “பத்து ரூபாய்க் காசு செல்லாதும்மா, வேறு கொடு” என்றார் அவர். நம் ஊர்க் கடைகளில் நெடுநாளாகக் கேட்கிற பேச்சு இது. 14 வடிவங்களில் வந்த எல்லாப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே விளக்கம் கொடுத்துவிட்டது. வாதாடலாம். ஆனால் 11 வயதுப் பெண் வாதாடுவாளா? தேன்மொழி உறைந்து நின்றாள். பிறகு பை முழுவதையும் கொட்டி, பழையபடி கையை விரித்து நீட்டினாள்.

அன்று மாலையே கோப்பைத் திறந்து அந்த இலக்கில் ஒரு வரி சேர்த்தேன்: ‘கடைக்காரர் ஒரு நாணயத்தை வாங்க மறுத்தால், அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு நாணயமோ நோட்டோ எடுத்து நீட்டுவாள், இல்லாவிட்டால் “வேண்டாம்” என்று சொல்லிப் பொருளை வைத்துவிட்டு வருவாள்.’ அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணாச்சியிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை, அவள் நீட்டும் பத்து ரூபாய் நாணயத்தை வேண்டுமென்றே மறுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.